அப்பாரு காட்டுக் கிளுவை வேலியை எடுத்துரலாமா?

காட்டுக்காரி:
வெள்ளகோயில் பக்கம் எங்க கொறங்காடு, மாடு மேயறதுக்கு வேலி போட்டு வெச்ச மேய்ச்சல் காடு. அப்பாரு பண்ணையத்துக்கு நாலு பக்கமும் இருந்த வேலியில இப்ப மிச்சம் வடபக்கம் மட்டும்தான். முள்கிளுவை. அடித்தண்டு என் தொடை கனம் இருக்கும். கோடையில இலையே இல்லாம பச்சைத் தண்டும் முள்ளுமா நிக்கும், மழை விழுந்தா துளிர்த்துரும். தம்பி கல்லுக்கால் நட்டுக் கம்பி போடலாம்ங்கிறான். எனக்கு மனசு வரலீங்க. இதுக்குப் பாரம்பரிய மதிப்பு, சட்டப் பாதுகாப்பு ஏதாச்சும் உண்டுங்களா?

மயிலைக்காளை:
எடுத்துறாதீங்க அம்மிணி. காங்கேயம் மாட்டை ஆள் இல்லாம காட்டுல மேயவிட்டதே இந்த வேலியை நம்பித்தான். தரையில கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேலா, சுத்தியும் கிளுவை. மூணுல ஒண்ணு போனாலும் அது கொறங்காடு இல்லீங்க. கம்பிக்கு அடியில கவுதாரி குஞ்சு பொரிக்குமா?

பச்சைப்பதிவு:
பல்லுயிர்ச் சட்டம் 2002-ல ஒரு இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிக்க வழி இருக்கு. மதுரை பக்கத்து அரிட்டாபட்டி 2022-ல அப்படி அறிவிக்கப்பட்டதுதான். ஆனா பட்டா நிலத்து ஒரு வேலிக்கு அதை நம்பி இருக்காதீங்க. ஊர்ல இருக்கிற செடி கொடி, உயிரினங்களைக் குறிச்சு வைக்கிற ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுல சேர்க்கச் சொல்லிக் கேளுங்க.

காட்டுக்காரி:
கேட்கறேனுங்க. நடுவுல ஆறடி சந்து விழுந்து, படல் கட்டி அடைச்சு வெச்சிருக்கேன்.

மயிலைக்காளை:
மழைக்கு முந்தி அதே வேலியிலயே முத்துன குச்சி வெட்டி நெருக்கமா ஊனுங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் ஆட்டை அண்ட விடாதீங்க.