எலும்பு வலிக்குப் போட்ட கதிரியக்க ஊசி: எங்கள் அனுபவம்

ஒரு மகள்:

என் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பு, இடுப்பு, விலா எலும்பு என்று பல இடங்களுக்குப் பரவியிருந்தது. கதிர்வீச்சு கொடுத்து இடுப்பு வலியை அடக்கினால் அடுத்த மாதமே அது தோளில் கிளம்பும். மார்ஃபின் அளவும் ஏறிக்கொண்டே போனது. அந்த நிலையில்தான் அணு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சமேரியம்-153 என்ற கதிரியக்க மருந்தை இரத்தக் குழாய் வழியே ஒரே ஊசியாகச் செலுத்தலாம் என்றும், புற்றுநோயால் எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் அது போய்ப் படிந்து சில மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளேயே பீட்டா கதிர்களைச் செலுத்தும் என்றும், இது வலியைக் குறைப்பதற்கே தவிர நோயை ஒழிப்பதற்கு அன்று என்றும் மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வலிக்கும் இடங்கள் எலும்பு ஸ்கேனிலும் அடர்ந்து தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே நாள் குறித்தார்கள்.

ஊசி சில நிமிட வேலைதான். எலும்பில் தங்காத மருந்து முதல் சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்கவும், கழிப்பறையில் இரண்டு முறை ஃபிளஷ் செய்யவும் சொன்னார்கள். அம்மா மூன்று முறை செய்தார்.

மூன்றாம் நாள் இரவு வலி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மருந்து பலிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டோம். காலையில் தொலைபேசியில் கேட்டபோதுதான், தொடக்கத்தில் சில நாள்கள் இப்படி வலி கூடுவது உண்டு என்றும், அதுவரை வலி மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்தை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்ற மனத்தாங்கல் எனக்கு இன்றும் உண்டு. நாள்காட்டியில் அம்மா எழுதி வந்த வலி எண்கள் 8, 9, 9 என்று தொடங்கி, இரண்டாம் வார இறுதியில் 4-க்கு இறங்கின. அன்றிரவு அவர் யாரையும் எழுப்பாமல் தானாகவே புரண்டு படுத்தார்.

ஒரு தங்கை:

என் அக்காவுக்குப் போட்டது ஸ்ட்ரான்ஷியம்-89 என்ற, இதே வகையைச் சேர்ந்த ஊசி. சமேரியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், இரண்டு நாளுக்கும் குறைவு. இதற்கோ சுமார் 50 நாள். எனவே எலும்பு மஜ்ஜையில் கதிர் படுவதால் இரத்த அணுக்கள் சரிவதும் பிறகு மீள்வதும் மெதுவாகவே நடக்கின்றன. வலி நன்றாகக் குறைந்திருந்த ஆறாவது வாரத்தில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை 62,000-க்கு இறங்கியதால், அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. ஊசிக்கு நாள் குறிக்கும் முன்பே கீமோ மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு கணவர்:

என் மனைவிக்கு இந்த வகை ஊசியை மறுத்துவிட்டார்கள். கால் மரத்துப்போகிறது என்று அவள் சொன்னதும் எம்ஆர்ஐ எடுத்ததில், தண்டுவடம் நெருக்கப்படுவது தெரிந்தது. வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்யும் ஊசிக்கு அங்கே நேரமில்லை என்று கூறி, அன்றே ஸ்டீராய்டும் வெளிக்கதிர்வீச்சும் தொடங்கினார்கள். ரேடியம்-223 என்ற இன்னொரு கதிரியக்க ஊசி பற்றியும் விசாரித்தேன். அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது புரோஸ்டேட் புற்றுநோய்க்குத்தான் என்றும், மார்பகப் புற்றுநோயில் அதை ஆய்வுகளிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றும் தெரிந்துகொண்டேன்.

மகள், மீண்டும்:

அம்மாவின் வலி குறைந்த நிலை எவ்வளவு நாள் தாங்கியது என்று கேட்கலாம். ஏறக்குறைய நான்கு மாதம். இரத்த அணுக்கள் பழைய அளவுக்குத் திரும்பியதை உறுதி செய்துகொண்டு இரண்டாவது ஊசியும் போட்டார்கள். இம்முறை மூன்றாம் நாளுக்கான மாத்திரையை முதல் நாளே வாங்கி வைத்திருந்தோம்.