மாம்பழ ஐஸ்கிரீம் செங்கல் மாதிரி உறைந்துவிடுகிறது, எங்கே தப்பு?

செம்பூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மும்பை, மே மாதம், வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு லீவு, ஊரிலிருந்து மாமியாரும் நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள், தினம் சாயங்காலம் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் ஒரு பெட்டி ஹாபுஸ், அதாவது அல்போன்சா மாம்பழம், இருந்தது, வைக்கோலுக்குள் பாதிப் பழம் ஒரே நாளில் கனிந்துவிட்டது, சரி, நாமே செய்துவிடலாம் என்று ஒரு வீடியோவைப் பார்த்து இறங்கினேன். நான்கு பழத்தின் சதை, 250 மில்லி ஃப்ரெஷ் கிரீம் ஒரு பாக்கெட், 100 கிராம் சர்க்கரை, மிக்ஸியில் ஒரு சுற்று, டப்பாவில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில். "மூன்றே பொருள், கடை ருசி" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

காலையில் ஸ்பூன் வளைந்துவிட்டது. சுரண்டி எடுத்தால் வாயில் நறநற என்று ஐஸ் துகள். சின்னவன் இதைச் சிரப் ஊற்றித் தின்கிற ஐஸ் கோலா என்று நினைத்து சிரப் கேட்டான். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, "பழத்தை அப்படியே நறுக்கிக் கொடுத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார், அது இன்னும் வலித்தது. என்னிடம் ஐஸ்கிரீம் மெஷின் கிடையாது. மாமியாருக்கு முட்டை ஆகாது. எசென்ஸ், கலர் வேண்டாம். வழி உண்டா?

பால்காரன்:
பால் பண்ணையில் 27 வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா, உங்கள் கை மேல் தப்பு இல்லை, கணக்கில்தான் தப்பு. மாம்பழச் சதையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். நான்கு பழம் என்றால் சதை 600 கிராம் வரும், அதில் அரை லிட்டர் தண்ணீரை நீங்களே ஊற்றிய மாதிரி. ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், ஆகவே ஒரு பாக்கெட்டில் 62 கிராம் சொச்சம். மொத்தக் கலவையில் பார்த்தால் கொழுப்பு ஏழு சதவீதத்தைத் தொடாது. நம் நாட்டுச் சட்டப்படி பாக்கெட்டில் ஐஸ்கிரீம் என்று மட்டும் எழுத வேண்டுமென்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். நீங்கள் செய்தது கிரீம் போட்ட பழ ஐஸ், அது கல்லாகாமல் என்ன செய்யும்?

இன்னொன்று காற்று. மெஷின் உறைய உறையக் கடைவதால் காற்று உள்ளே போகிறது, ஐஸ் மணிகளும் பெரிதாக வளர முடிவதில்லை. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் அசையாமல், மெதுவாக உறைய வைக்கும், மெதுவாக உறைந்தால் மணிகள் பெரிதாகும். அதனால் காற்றை முன்கூட்டியே அடித்து ஏற்றிவிட வேண்டும், அதற்கு 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் வேண்டும். 25 சதவீதத்தை எவ்வளவு அடித்தாலும் சரியாக நிற்காது. வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், பாமாயிலில் செய்த டாப்பிங்கும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். 500 கிராம் சதையை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறி 350 கிராமுக்கு இறக்குங்கள், நன்றாக ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். 300 மில்லி விப்பிங் கிரீமைச் சில்லென்று இருக்கும்போதே அடித்து, மேலே தூக்கினால் நுனி மெதுவாக மடிகிற பதத்தில் நிறுத்துங்கள், தாண்டினால் வெண்ணெய். கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சைச் சாறு, எல்லாவற்றையும் பழத்தோடு கலந்து, கிரீமை மூன்று தடவையாக மடித்துச் சேருங்கள், அடிக்காதீர்கள். சர்க்கரை ஜாஸ்தியோ என்று குறைக்க வேண்டாம், தண்ணீர் முழுவதும் கல்லாகாமல் பிடித்து வைப்பதே அந்தச் சர்க்கரைதான், போதாததற்குக் குளிரில் நாக்குக்கு இனிப்பும் குறைவாகத் தெரியும். டப்பாவில் மேல்பரப்பை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாளை அழுத்தி மூடுங்கள். பிள்ளைகள் ஃப்ரீசரைப் பத்து தடவை திறந்து பார்க்கக் கூடாது, அதைத் தடுக்க என்னிடம் வழி இல்லை.

கிங்ஸ் சர்க்கிள் மாமி:
பால்காரன் சார் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஹாபுஸைப் போய் அடுப்பில் வைப்பதா! வருஷத்தில் ரெண்டு மாசம் வருகிற பழம், கொதித்தால் அந்த வாசனை போய் ஜாம் வாசனை வந்துவிடும். தோதாபுரி மாம்பழம் என்றால் தாராளமாகக் காய்ச்சு.

நாங்கள் மாதுங்காவில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் மர வாளி வைத்த கை மெஷின் இருந்தது, ஐஸ் ஃபேக்டரியிலிருந்து சாக்கில் சுற்றி ஒரு பாளம் வரும், அதை உடைக்கிற சத்தம் கேட்டாலே பில்டிங் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் நிற்கும். சுற்றச் சுற்ற இறுகி ஒருத்தரால் முடியாமல் போகும், அப்போது அண்ணா வந்து உட்காருவான், ஒரு பிள்ளை வாளி ஆடாமல் இருக்க மேலே சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும். போரி மொஹல்லாவில் 1887லிருந்து இருக்கிற தாஜ் ஐஸ்கிரீம் கடையில் இன்னமும் உப்பும் ஐஸும் போட்டுக் கையால்தான் கடைகிறார்கள், அதன் சீதாப்பழத்துக்காக எங்கள் வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு அங்கே நடப்பார்.

மெஷின் இல்லையென்றால் தூக்குவாளி இருக்குமே? எவர்சில்வர் தூக்கு, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, அடுக்கடுக்காக. தூக்கில் முக்கால் பாகம் மட்டும் கலவை ஊற்றி நடுவில் புதைத்து, கைப்பிடியைப் பிடித்து இப்படி அப்படித் திருப்பிக்கொண்டே இரு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து உள்ளே தள்ளு. முக்கால் மணி நேரம் கை கழன்றுவிடும், அதற்குத்தானே வீடு நிறையப் பிள்ளைகள்! திறக்கும் முன்னால் மூடியைச் சுற்றித் துணியால் துடை, மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

பால்காரன்:
மாமி, வாசனை விஷயத்தில் தோற்றேன். பாதிச் சதையை மட்டும் காய்ச்சி, மீதியைப் பச்சையாகக் கடைசியில் சேர்க்கலாம், கொஞ்சம் இறுக்கமாக வரும், ஆனால் மணம் நிற்கும். உப்பு ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: உப்பு பட்ட ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உருகும், உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்திலிருக்கும் தூக்கிலிருந்து உறிஞ்சும். கணக்குப்படி மைனஸ் 21 வரை போகும், நம் பக்கெட்டில் அவ்வளவு போகாது, போகிற வரைக்கும் போதும்.

தாராவி_தம்பி:
அக்கா, நான் ரூமில் தங்கியிருக்கும் பேச்சுலர், இவ்வளவு எல்லாம் முடியாது. பழத்தைத் துண்டு போட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, சாப்பிடும்போது ஒரு கை எடுத்து ஐந்து நிமிஷம் வெளியே வைத்து, மிக்ஸியில் கொஞ்சம் கிரீம், ஒரு ஸ்பூன் தேன், விட்டு விட்டு ஓட்டினால் மெஷினிலிருந்து வந்த மாதிரி வழவழவென்று வரும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும், மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் உங்கள் செங்கல்தான். ஐந்து நிமிஷம் பொறுக்காமல் ஓட்டி நான் ஒரு ஜாரை உடைத்திருக்கிறேன்.

உறைய வைக்கவே வேண்டாம் என்றால் ஹாஜி அலி ஜூஸ் சென்டரில் தருகிற சீதாப்பழ கிரீம் மாதிரி, வெறும் சதையும் சில்லென்ற கிரீமும். ஆனால் சீதாப்பழம் மழைக்கு அப்புறம்தான்.

செம்பூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி, மாமி உங்களுக்குத் தனி நன்றி, தூக்கு இருக்கிறது, கல்யாணச் சீர். மார்ச்சில் மகாபலேஷ்வர் போனபோது வாங்கி உறைய வைத்த ஸ்ட்ராபெரி ஒரு கிலோ கிடக்கிறது, அன்னாசியும் ஒன்று இருக்கிறது. இதே அளவுதானா?

பால்காரன்:
ஸ்ட்ராபெரியில் மாம்பழத்தைவிடத் தண்ணீர் அதிகம், உறைந்து உருகினால் சாறு தனியாக ஓடும். அந்தச் சாற்றைச் சர்க்கரையோடு பாகு மாதிரி காய்ச்சிப் பழத்தோடு சேருங்கள், ஸ்ட்ராபெரி காய்ச்சினால் கெடாது. அன்னாசியைப் பச்சையாகப் பாலிலோ கிரீமிலோ போட்டால் அதிலுள்ள ஒரு என்சைம் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும், கொதிக்க வைத்துவிட்டுப் போடுங்கள். சீதாப்பழம் நேர் எதிர், சூடு காட்டினால்தான் கசக்கும். மழைக்கு அப்புறம் செய்யும்போது ஞாபகம் வையுங்கள்.

செம்பூர்க்காரி:
ஞாயிற்றுக்கிழமை ரெண்டும் செய்தாயிற்று. பாதி காய்ச்சி பாதி பச்சையாகப் போட்ட மாம்பழம் ஃப்ரீசரில், காய்ச்சாதது தூக்கில். பக்கெட்டை பால்கனியில் வைத்து நான்கு பிள்ளைகளும் முறை வைத்துச் சுற்றினார்கள், யார் எத்தனை சுற்று என்று சண்டை, பால்கனி முழுக்க உப்புத் தண்ணீர், கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்து கேட்டுவிட்டு அவரும் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் போனார். முதல் தடவை மூடியைத் துடைக்க மறந்தேன், ஓரத்தில் லேசாகக் கரித்தது, அதைப் பெரியவன் "சால்ட்டட் மேங்கோ" என்று சொல்லி அவனே தின்றுவிட்டான். தூக்கு ஐஸ்கிரீம் கொஞ்சம் தளதளவென்றுதான் வந்தது, ஆனால் பழ வாசனை அப்படியே இருந்தது. ஃப்ரீசர் ஐஸ்கிரீமில் ஸ்பூன் இறங்கியது, எனக்கு அதுவே போதும்.

மாமியார் ரெண்டையும் சாப்பிட்டார். தூக்கைத்தான் ரெண்டாவது தடவை கேட்டார். அப்புறம், "கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார்.

கிங்ஸ் சர்க்கிள் மாமி:
போடாதே. ஏலக்காய் போட்டால் அது குல்ஃபி. அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லு.