கணவருக்கு ஷிஃப்ட் வேலை, இரண்டு குழந்தைகள்: ஓட நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

கால்சக்கரம் (கேள்வி)

பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. எனக்கு ஒன்பதிலிருந்து ஆறு வரை ஆபீஸ், வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும். கணவருக்கு ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் விடியும் முன்பே ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார், இரவு ஷிஃப்ட் என்றால் காலை ஏழரைக்குத்தான் வருவார், ஆக எந்த வாரமும் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டு நான் வெளியே கால் வைக்க முடியாது. யாரைக் கேட்டாலும் நாலரைக்கு எழுந்து ஓடு என்கிறார்கள், அவர்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இல்லை போல. கல்லூரி நாட்களில் நன்றாக ஓடியிருக்கிறேன், அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடியதில்லை. பெரிய மாரத்தான் ஆசையெல்லாம் கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள், விடாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். இதே மாதிரி நிலைமையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மெதுவண்டி

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். காலையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் அவர் மாலை வீட்டில் இருப்பார், இரவு ஷிஃப்ட் வாரத்திலும் கிளம்பும் வரை மாலை வீட்டில்தான் இருப்பார், சரியா? அப்படியானால் இரண்டு வாரத்துக்கும் பொதுவாக ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை இருக்கிறது. அது உங்கள் கணக்கில் வராததற்குக் காரணம், அந்த நேரத்தில் வீட்டுப்பாடம், சாப்பாடு, குளிப்பாட்டுவது எல்லாம் உங்கள் தலையில் இருப்பதாக இருக்கலாம் (தப்பாக இருந்தால் மன்னிக்கவும், என் வீட்டிலும் அதே கதைதான்). ஓட நேரம் இல்லை என்று சொல்கிற பாதிப் பேருக்கு உண்மையில் இருப்பது பங்கு பிரிக்கிற பிரச்சினை. பொதுவாக "நான் ஓடணும், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொன்னால் அது எந்த நாளும் நடக்காது. செவ்வாய், வியாழன், ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை குழந்தைகள் உங்கள் பொறுப்பு, நான் வீட்டில் இல்லை என்று நாளும் நேரமும் சொல்லிப் பேசுங்கள். பதிலுக்கு அவருக்கும் இரண்டு மாலை விட்டுக்கொடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது வாரம் முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். முக்கியமாக, அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் வீட்டில் என்ன நடந்தாலும் திரும்பி வந்து குறை சொல்லாதீர்கள். குழந்தை குளிக்காமல் தூங்கினால் தூங்கட்டும்.

ஆறாம் கியர்

மேலே சொன்னது ரொம்பச் சரி. நான் பயிற்சி பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வாரத்தில் ஒரு நாள் தவறினாலே எல்லாம் போச்சு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

1981இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ராபர்ட் ஹிக்ஸனின் குழு, பத்து வாரம், வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை அதற்கு அப்புறம் 4 நாள் அல்லது 2 நாளாகக் குறைக்கச் சொன்னது. ஒவ்வொரு முறை பயிற்சி செய்யும் நேரமும் கடுமையும் மாறவில்லை. 15 வாரம் கழித்தும், 2 நாள் மட்டும் செய்தவர்களுக்குக்கூட உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பெரும்பாலும் அப்படியே இருந்தது. பின்னாளில் அதே குழு நாட்களை அப்படியே வைத்துக்கொண்டு கடுமையை மட்டும் குறைத்துப் பார்த்தபோது திறன் இறங்கிவிட்டது. அதாவது ஒரு நிலைக்கு வந்த பிறகு, வேலை நெருக்குகிற வாரத்தில் நாளைக் குறைக்கலாம், ஆனால் இருக்கிற ஒரு ஓட்டத்திலாவது கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். ஆனால் அது உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். முதல் இரண்டு மூன்று மாதம் எல்லா ஓட்டமும் மெதுவாகவே இருக்கட்டும், ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும்.

இன்னொன்று, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்று சொல்கிறார்கள். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை அதில் எடுத்துவிட்டார்கள். எனவே இருபது நிமிடம்தான் கிடைத்தது என்றால் அந்த இருபது நிமிடமும் ஓட்டம்தான், அரை மணி கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தூங்கவிடுங்கப்பா

எல்லோரும் எழுப்புவதிலேயே குறியாக இருக்கிறார்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். குழந்தை இரவில் எழுப்பி ஐந்து மணி நேரம் தூங்கிய மறுநாள் ஓடுவதைவிட அன்றைக்குப் படுத்துத் தூங்குவதே மேல் என்பது என் கட்சி. தூக்கம் குறைந்த உடம்போடு ஓடுபவர்களுக்குத்தான் காலில் ஏதாவது வந்து ஒரு மாதம் முழுக்க நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் ஓடுவதில் தப்பே இல்லை, ராத்திரி தூக்கம் கெடும் என்று பொதுவாகப் பயமுறுத்துவார்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் கடுமையாக ஓடினால்தான் தொந்தரவு வரலாம், ஏழு மணிக்கு மெதுவாக ஓடிவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிறவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரம் ஒன்று வரத்தான் செய்யும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் சேர்த்து ஓடி ஈடுகட்டாதீர்கள்.

இரட்டை முடிச்சு

நானும் அம்மாதான், மாலை இருட்டில் ஓடுகிறவள். புதுப் பாதை தேடிக்கொண்டு தூரம் போகாமல், விளக்கு உள்ள ஒரே தெருக்களைச் சுற்றிச் சுற்றி வருவேன், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்குக் கவலை இல்லை. எந்த நிமிடமும் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பலாம் என்பதுதான் அதன் சௌகரியம், சின்னது அழுது போன் வந்தாலும் வெட்டிவிட்டு ஓடிவிடலாம். ஒரு காதில் மட்டும் ஹெட்போன், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்று சட்டையில், போனில் இருக்கிற இடத்தைக் கணவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புவது, இந்த மூன்றும் போதும்.

இன்னொரு வழி, பெரியவனுக்கு ஏதாவது வகுப்பு இருந்தால் அவனை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற நேரம் இருக்கிறதே, அதில் ஓடிவிடுவேன். ஷூவைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றால் சோபா இழுத்துவிடும்.

தள்ளுவண்டி அப்பா

மூன்று வயது என்றால் ஓடுவதற்கென்றே செய்த மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்து ஓடலாம், வார இறுதியில் நான் அப்படித்தான். சாதாரண குழந்தை வண்டியை வைத்து முயலாதீர்கள். ஓடும்போது முன்சக்கரம் திரும்பாமல் பூட்டிக்கொள்ள வேண்டும், கையில் மாட்டும் பட்டை, பிரேக் இரண்டும் இருக்க வேண்டும். எடை வரம்பை வண்டியின் மீதே எழுதியிருப்பார்கள், மூன்று வயதுக்கு அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் வராது, கை சும்மா ஆடாததால் தோள்பட்டை வலிக்கும், அதனால் ஒரு கையை மாற்றி மாற்றி வைத்து ஓடுங்கள். வீட்டில் மற்றவருக்கு ஒரு மணி நேரம் அமைதி கிடைப்பதால் இந்த ஓட்டத்துக்கு மட்டும் யாரும் மறுப்பு சொல்வதில்லை.

கால்சக்கரம்

மெதுவண்டி, சரியாகப் பிடித்துவிட்டீர்கள், மாலையை நான் யோசிக்கவே இல்லை. அவரிடம் பேசினேன், செவ்வாய், வியாழனுக்குச் சம்மதம், பதிலுக்கு புதன் மாலை அவருக்கு வேண்டுமாம், கொடுத்துவிட்டேன். வண்டியைத் தெரிந்தவர்களிடம் இரவல் கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். நேற்று ஓடிப் பார்த்ததில் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கிவிட்டது, இன்று முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரம் லேசாக வலிக்கிறது. தொடரலாமா?

ஆறாம் கியர்

இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறையும் இப்படி நடையைக் கலப்பதுதான். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும், கல்லூரியில் ஓடியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், மனசுக்குப் பழைய வேகம் ஞாபகம் இருக்கிறது. வலி லேசாக, பரவலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் ஓடாமல் நடங்கள், வலி போன பிறகு நடை கலந்து ஆரம்பியுங்கள். விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீர் என்றாலோ நடக்கும்போதே வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஷூ எத்தனை வருடப் பழசு?

கால்சக்கரம்

சின்னவள் பிறப்பதற்கு முன் வாங்கியது. பரவலான வலிதான், புள்ளி இல்லை. வியாழன் நடந்துவிட்டுச் சொல்கிறேன், ஷூவையும் மாற்றிவிடுகிறேன்.