பார்னார்டு பேரடை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். 1200 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில், மூன்று அமாவாசை இரவுகளாகத் தனுசு மண்டலத்தைத் துழாவியும், என்.ஜி.சி. 6822 என்னும் பார்னார்டு பேரடை (கேலக்ஸி) தட்டுப்படவில்லை. 10 மி.மீ. கண்ணருகு லென்ஸைத்தான் பயன்படுத்தினேன். இதன் பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) ஏறத்தாழ 9 என்கிறார்கள். ஏறத்தாழ 8 உள்ள சோம்பிரேரோ பேரடை, இதே தோட்டத்திலிருந்து முதல் முயற்சியிலேயே தெரிந்தது. தவறு எங்கே நேர்கிறது?

பதில்:
ஐயா, தொலைநோக்கியில் குறையில்லை. 1884-இல் எட்வர்டு பார்னார்டு இதைக் கண்டுபிடித்ததே உங்களுடையதைவிடச் சிறிய கருவியில்தான். சோம்பிரேரோவின் ஒளி நடுவில் திரண்டிருக்கிறது. ஒழுங்கற்ற குறும்பேரடையான இதற்கோ கண்ணை இழுக்கும் நடுவீக்கம் கிடையாது. பொலிவெண் என்பது மொத்த ஒளியின் கணக்கு. அந்த ஒளி முழுநிலவின் அகலத்தில் பாதி அளவுக்குப் பரவிக்கிடப்பதால், உங்கள் 10 மி.மீ. லென்ஸ் தரும் 120 மடங்கு உருப்பெருக்கத்தில் காட்சிப்புலத்தின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க இருண்ட வானம் மிஞ்சுவதில்லை. 25 மி.மீ. லென்ஸுக்கு மாறுங்கள். முதலில் என்.ஜி.சி. 6818 என்னும் சிறிய, நீலம் கலந்த கோள்வடிவ நெபுலாவை (முதிர்ந்த விண்மீன் உமிழ்ந்த வாயுக்கூட்டை) பிடித்துவிட்டு, அங்கிருந்து தென்கிழக்கை ஒட்டித் தெற்கே முக்கால் பாகைக்கும் சற்றுக் குறைவாக நகர்த்துங்கள். உற்று நோக்காமல் ஓரப்பார்வையில் பார்த்தபடி குழாயை மெல்லத் தட்டினால், அசைவில் மங்கல் பிடிபடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நடுவீக்கம் ஏன் இல்லை? வேறொரு பேரடை மோதிச் சிதைத்ததா?

மற்றொருவரின் பதில்:
மோதல்தான் காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. இவ்வகைப் பேரடைகளின் நிறை குறைவு, சுழற்சியும் மெதுவானது; ஆகவே ஒழுங்கான சுருள்கைகள் அமைவதில்லை. வாயு திரண்ட இடங்களில் விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்க, அக்கொத்துகள் கிடக்கும் கிடையே பேரடையின் தோற்றமாகிவிடுகிறது. வாயுவுக்குப் பஞ்சமில்லை: விண்மீன்கள் தெரியும் பகுதிக்கு வெகு வெளியேயும் இதன் ஹைட்ரஜன் விரிந்திருப்பதை ரேடியோ தொலைநோக்கிகள் காட்டியுள்ளன. ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள் சூரியனில் உள்ளதைவிட மிகக் குறைவு என்பதால், பழைய காலத்துப் பேரடைகளில் விண்மீன் பிறந்த விதத்தை அருகிலிருந்தே ஆராய இது வாய்ப்பளிக்கிறது. என்னைப் பொறுத்தவரை, இதன் பெருஞ்சிறப்பு 1925-இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் இதில், ஒளி சீராகக் கூடிக் குறைவதைக் கொண்டு தொலைவைக் கணிக்க உதவும் செபீடு விண்மீன்கள் 11-ஐக் கண்டு, இது பால்வீதிக்கு அப்பாற்பட்டது என்று நிறுவியதுதான். இன்றைய கணக்கில் தொலைவு ஏறத்தாழ 16 இலட்சம் ஒளியாண்டுகள்.

கேட்டவர்:
நேற்றிரவு கிடைத்துவிட்டது! மூச்சுப் பட்ட கண்ணாடியைப் போல, வடக்குத் தெற்காக நீண்ட மங்கல். நேரே பார்த்தால் கரைகிறது, பார்வையை விலக்கினால் திரும்பி வருகிறது. வடமுனையில் விண்மீன்கள் பிறக்கும் நெபுலாக்களை (வாயு முகில்களை) மட்டும் பிரித்தறிய முடியவில்லை. அவை சிறியவை என்பதால், அடுத்த அமாவாசையன்று அதே 10 மி.மீ. லென்ஸைப் பொருத்திப் பார்க்கப்போகிறேன்.