மேல் டிவிசன் டேமும் பாட்டியின் கருமாதியும்

குழு: பாட்டி வீடு
சனிக்கிழமை

கமலா அத்தை (மாலை 5:48): கூடாரம் போட்டாகிவிட்டது. நாளைக்கு எத்தனை பேர் என்று இப்போதாவது சொல்லுங்கள். உளுந்து ஊறப்போட வேண்டும்.

குமார் கிள்ளான்: 4

பிரியா: நாங்கள் 3 பேர். பாப்பா வடை சாப்பிட மாட்டாள்.

குமார் கிள்ளான்: (பலமுறை பகிரப்பட்ட குரல் செய்தி, 0:41)

குமார் கிள்ளான்: இது என்ன? சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டேம் உடையப் போகிறதாம். ஆபீஸ் குரூப்பில் வந்தது.

ராஜி சித்தி: ஐயோ, எந்த டேம்?

பிரியா: தினேஷ் அண்ணா???

நான்: அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. ஆனால் நம் தோட்டத்து மேல் டிவிசன் டேம் கரைக்குக் கீழே, சேம்புப் புதர் பக்கம் தண்ணி கசிகிறது. அது உண்மை. மதியம் ஆட்டைத் தேடிப் போனபோது பார்த்தேன். மூன்று நாளாகச் சாயங்காலம் நல்ல மழை.

செல்வம் சித்தப்பா: அது எப்போதும் இருக்கிற ஈரம். அரைக்கால் சட்டை வயதிலிருந்து பார்க்கிறேன்.

கமலா அத்தை: நாளைக்கு 60 பேர் அதற்குக் கீழேதான் உட்காரப் போகிறார்கள்.

பாஸ்கரன் மாமா: தினேஷ், பதறாதே, நான் சொல்வதை மட்டும் செய். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதில் மண் கலந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மினரல் பாட்டிலை எடு, ஸ்டிக்கரைக் கிழித்துவிடு. கசிகிற தண்ணியைப் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வை. பத்து நிமிடம் அசைக்காதே. அடியில் வண்டல் நின்றால், தண்ணி கரைக்குள் வழி தோண்டுகிறது என்று அர்த்தம். வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்ளே அரித்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் டீட்டன் என்று ஓர் அணை. 93 மீட்டர் உயரம், புத்தம் புதுசு, முதல்முறையாகத் தண்ணி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5, காலையில் கலங்கல் தண்ணி வருவதைப் பார்த்தார்கள். மணி 12 அடிப்பதற்குள் கரை போய்விட்டது. 11 பேர் செத்தார்கள்.

குமார் கிள்ளான்: அப்பா, நம்முடையது தென்னை மர உயரம்கூட வராது.

பாஸ்கரன் மாமா: உயரத்தை விடு. இரண்டு ஏக்கர் தண்ணி, சராசரி இரண்டு மீட்டர் ஆழம் என்று வை. 16,000 டன். பத்து டன் லொரியில் ஏற்றினால் 1,600 லொரி. அத்தனையும் பாட்டி லயத்து வீட்டு வரிசைக்கு நேர் மேலே நிற்கிறது.

ராஜி சித்தி: அண்ணன், பயமுறுத்தாதீர்கள்.

கமலா அத்தை: நீர்ப்பாசன இலாகாவில் (ஜேபிஎஸ்) இவருக்கு ஓய்வு கொடுத்தார்கள், ஓய மாட்டேன் என்கிறார்.

பிரியா: பாப்பாவைக் கூட்டி வரலாமா வேண்டாமா?

நான் (6:31): (படம்) (படம்)

நான்: இரண்டு பாட்டில் பிடித்தேன். விரல் தடிமனுக்கு வருகிறது. பத்து நிமிடம் ஆயிற்று, தெளிவாக இருக்கிறது. ஒன்றில் ஒரு சின்ன நத்தை.

செல்வம் சித்தப்பா: நான்தான் சொன்னேனே.

குமார் கிள்ளான்: ஒரு மூட்டை சிமெண்ட் குழைத்து அடைத்துவிடலாமே?

பாஸ்கரன் மாமா: அடைக்கவே கூடாது! இங்கே அடைத்தால் தண்ணி வேறு இடத்தில் முட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் மணல் போடு, அதற்கு மேல் சின்ன ஜல்லி, அதற்கு மேல் பெரிய கல். தண்ணி போகட்டும், மண் போகக் கூடாது. கோயில் வேலைக்கு இறக்கிய மணல் மிச்சம் கிடக்கிறதே?

கமலா அத்தை: கோயில் மணலா? தலைவரிடம் யார் கேட்பது? செல்வத்திடம் அவர் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

செல்வம் சித்தப்பா: தீமிதிக் கணக்கை இங்கே இழுக்காதே அக்கா.

ராஜி சித்தி: ஆமாம் அண்ணி, நாளை நாள் நல்லபடியாகப் போகட்டும்.

நான்: மாமா, இன்னொன்று. தண்ணி அளவு பார்க்கத் தாத்தா நட்ட செங்கால் மரக் கம்பு இருக்கிறதே, அதில் சிவப்புக் கோடு தெரியவில்லை. தண்ணிக்குள் இருக்கிறது.

கமலா அத்தை: கோடு மூழ்கிவிட்டதா?

கமலா அத்தை: டேம் வாச்சராக இருந்தபோது அப்பா எங்களிடம் சொல்வார், சிவப்பைத் தொட்டால் என்னைக் கூப்பிடு, சிவப்பு மூழ்கினால் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று. அந்தத் தம்பிதான் இப்போது ஈரம் என்கிறான்.

பாஸ்கரன் மாமா: அப்படியானால் தண்ணி வழிகிற வாய்க்காலில் ஏதோ அடைத்திருக்கிறது. தினேஷ், ஸ்பில்வேக்குப் போ. கரை ஓரமாக நட, பாசி வழுக்கும்.

நான் (6:58): (படம்)

நான்: செம்பனை மட்டை நாலைந்து. எடுத்துவிடலாம். அதற்குப் பின்னால் ஒரு பலகை, ஓர் அடி உயரம். இரண்டு பக்கமும் நீல நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறது. முடிச்சு அழகாகப் போட்டிருக்கிறது.

குமார் கிள்ளான்: நீலக் கயிறு. செல்வம் மாமா படகில் இருப்பது என்ன நிறம்?

பிரியா: அப்பா...

செல்வம் சித்தப்பா: ஆமாம், நான்தான் கட்டினேன். திலாப்பியாவுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். போன மாசியில் நான்கு நாள் குழாயில் காற்றுதான் வந்தது. அப்போது 40 வீட்டுக்குக் கக்கூசுக்கும் துணி துவைக்கவும் எங்கிருந்து தண்ணி வந்தது? அம்மாவைக் குளிப்பாட்டியது எந்தத் தண்ணி? அந்த ஓர் அடி இல்லையென்றால் இரண்டாம் நாளே டாங்கி காலி.

ராஜி சித்தி: அது உண்மை அண்ணன். குடிக்கத்தான் கடையில் வாங்கினோம்.

பாஸ்கரன் மாமா: மச்சான், உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஓர் அடி மழைக்கு விட்ட இடம். ஒரு ராத்திரி கொட்டினால் தண்ணி கரைக்கு மேலேயே வழியும். கான்கிரீட் அணை கொஞ்சம் தாங்கும், மண் அணை தாங்காது, வழிகிற இடத்தில் கரைந்துகொண்டே போகும். அதற்காகத்தான் ஓரமாகத் தனி வாய்க்கால் வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறையவைக்க, ரப்பர் ஷீட் கழுவ இந்தத் தண்ணிதான் போனது. அப்போதே சிவப்புக்கு மேல் ஏற்றியதில்லை. அப்புறம், கரை மேல் இருக்கிற மூன்று டுரியான் மரம்.

செல்வம் சித்தப்பா: டுரியானைத் தொடாதீர்கள்.

பாஸ்கரன் மாமா: இப்போது தொடச் சொல்லவில்லை. மரம் செத்தால் வேர் மக்கி உள்ளே பொந்து விழும், தண்ணிக்கு அதுவே பாதை. அவசரப்பட்டு வேரோடு பிடுங்கினாலும் ஆபத்து. ஆளைக் கொண்டுவந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கமலா அத்தை: போன சீசனில் எனக்கு ஒரு பழம் வந்ததா?

குமார் கிள்ளான்: எனக்கு ஒரு கூடை வந்தது.

கமலா அத்தை: உனக்கா? கிள்ளானுக்குப் போகிறது, ஈப்போவுக்கு வராதா?

குமார் கிள்ளான்: வாய் தவறிவிட்டது.

ராஜி சித்தி: இவ்வளவு பயம் எதற்கு? அடியில் இருக்கிற வால்வைத் திறந்து மொத்தத் தண்ணியையும் இன்று ராத்திரியே விட்டுவிட்டால் என்ன?

பாஸ்கரன் மாமா: வேண்டவே வேண்டாம் தங்கச்சி. இத்தனை நாள் ஊறிய கரை. எதிரே தாங்குகிற தண்ணி சடாரென்று போனால் உள்பக்கச் சரிவு பெயர்ந்து விழும். நாங்கள் ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்க மாட்டோம். கீழே பாரிட்டு வாய்க்காலில் பிள்ளைகள் வேறு விளையாடுவார்கள். பலகையைத் தளர்த்தி மெதுவாக விடு தினேஷ்.

பிரியா: அப்படியானால் மண் டேம் எல்லாமே ஆபத்தா மாமா?

பாஸ்கரன் மாமா: இல்லையம்மா. புக்கிட் மேரா அணை 1906-இல் கட்டியது, இன்றைக்கும் கிரியான் வயலுக்குத் தண்ணி விடுகிறது. பினாங்கு ஆயர் ஈத்தாம் 1962, அதுவும் மண்தான். அங்கெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கரையில் செடி முளைத்தால் பிடுங்குவார்கள், தண்ணி அளவை எழுதிவைப்பார்கள். நம் டேமுக்கு உன் தாத்தா இருந்தார்.

நான்: தோட்டத்து ஆபீசில் போன மாதமே சொன்னேன். நிலத்தை விற்றாகிவிட்டது என்கிறார்கள். வாங்கியவர்களைக் கேட்டால் டேம் தங்கள் கணக்கில் இல்லை என்கிறார்கள்.

குமார் கிள்ளான்: நம் தொகுதி ஒய்பி?

நான்: தேர்தலுக்கு வந்து டேம் பக்கத்தில் படம் எடுத்தார்.

பாஸ்கரன் மாமா: திங்கட்கிழமை ஜேபிஎஸ்ஸில் என்னோடு வேலை செய்த பையனிடம் பேசுகிறேன். ராத்திரி தண்ணி கலங்கினாலோ, கசிவு பெரிதானாலோ யோசிக்காதே. லயத்துக்காரர்களை எழுப்பு, 999-க்கு அடி.

பிரியா: நாளைக்குக் காரியத்தை பாலாய் ராயா பொது மண்டபத்தில் வைத்துக்கொண்டால் என்ன?

கமலா அத்தை: அம்மா படுத்திருந்த வீட்டை விட்டு பாலாய் ராயாவிலா படைப்பது?

ராஜி சித்தி: படையல் வீட்டில், சாப்பாடு பாலாய் ராயாவில்?

கமலா அத்தை: இரண்டு இடத்துக்கும் யார் தூக்குவது?

குமார் கிள்ளான்: சாவி யாரிடம் இருக்கிறது?

ராஜி சித்தி: கோயில் தலைவரிடம்.

கமலா அத்தை: சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம். உளுந்து மூன்று கிலோ போடுகிறேன்.

பிரியா: நான் வருகிறேன். பாப்பா அவள் அப்பாவோடு இருக்கட்டும்.

நான் (இரவு 8:20): மணல் கிடைத்தது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் மோட்டோவில் ஆறு சாக்கு ஏற்றினோம். ஜல்லியும் பெரிய கல்லும் அங்கேயே கிடந்தது. தலைவரிடம் கேட்கவில்லை, மன்னிக்கவும்.

செல்வம் சித்தப்பா: நல்ல காரியம்.

நான் (10:47): மட்டையை எடுத்துவிட்டேன். ஒரு பக்கக் கயிற்றை மட்டும் அவிழ்த்திருக்கிறேன். மழை தூறல்தான். கம்பில் இன்னும் கோடு தெரியவில்லை.

பாஸ்கரன் மாமா: வெள்ளைத் தாள்?

நான்: தெளிவு.

நான் (12:36): சிவப்பு தெரிகிறது! ஒரு விரல் அகலம். டார்ச் மங்குகிறது, வீட்டுக்கு வருகிறேன். நாலு மணிக்கு மறுபடி போவேன்.

கமலா அத்தை: சோறு மூடி வைத்திருக்கிறேன். காலைக் கழுவிவிட்டு உள்ளே வா.

பாஸ்கரன் மாமா: நான் ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். மூட்டுவலித் தைலத்தை அங்கே எடுத்துப் போய்விட்டாயா கமலா?

செல்வம் சித்தப்பா (12:51): தினேஷ், முழுசாக அவிழ்த்த பிறகு பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதே. செங்கால் பலகை, இப்போது கிடைக்காது.