கலைச்சொல் தேவை: 'அப்பெலாசியோன் கோன்த்ரோலே'வில் இருப்பது கட்டுப்பாடா, தணிக்கையா?

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு ஒயின் சட்டத்தைத் தமிழில் எழுத உட்காரும் எவரும் முதல் வரியிலேயே தடுக்கி விழும் சொல் 'அப்பெலாசியோன் தோரிஜின் கோன்த்ரோலே'. குறித்த இடத்தில், குறித்த விதிப்படி உண்டாக்கிய சரக்குக்கு மட்டும் ஊர்ப்பெயரைத் தரும் சட்ட ஏற்பாடு அது. மூன்று தமிழாக்கங்கள் தட்டுப்படுகின்றன: 'கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப் பெயரீடு', 'மூலப்பெயர்', 'புவிசார் குறியீடு'. முதலாவதில் 'தோற்றம்' என்றதும் வாசகர் மனம் உருவத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாவது சொல்லாராய்ச்சிக்காரர்களின் சொத்து. மூன்றாவது நல்ல சொல்தான், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

சொல்லை அந்தரத்தில் வைத்துப் பேசாமல் ஓர் ஊரை வைத்துப் பேசலாம். தென் பிரான்சில் அவிஞோனுக்கும் ஓரான்ஷுக்கும் நடுவே இருக்கும் ஷாத்தோனஃப் து பாப் என் தேர்வு. பெயரைப் பிரித்தால் 'போப்பின் புதுக்கோட்டை'. 14ஆம் நூற்றாண்டில் அவிஞோனில் இருந்த போப்புகளின் கோட்டை அங்கே இன்றும் பாதி இடிந்து நிற்கிறது. இந்த ஊர் உள்பட ஐந்து கம்யூன்களில் (பிரான்சின் ஊராட்சிகள்) குறித்துக் கொடுத்த நிலத்தில் விளைந்தால் மட்டுமே அந்தப் பெயர். மற்றவை பெதாரீத், கூர்த்தேசோன், ஓரான்ஷ், சோர்க். பெரும்பங்கு சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. இளஞ்சிவப்பான ரோஸ் ஒயினுக்கு இந்தப் பெயர் கிடையவே கிடையாது.

என் முன்மொழிவு 'விளைபுலப்பெயர்'. 'கோன்த்ரோலே'வுக்கு என்ன அடைமொழி போடுவது என்று தெரியவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

> புவிசார் குறியீடு நல்ல சொல்தான், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'இருக்கிற சொல் போதாதா' என்று அடுத்த மடல் வரும்.

நம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காஞ்சிபுரம் பட்டுக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைப்பது புவிசார் குறியீடு. ஐரோப்பியச் சட்டத்தில் அதே பெயரில் இன்னொரு தட்டு இருக்கிறது. அங்கே ஒயினுக்கு இரண்டு படிகள். மேல்படியில் திராட்சை முழுவதும், நூற்றுக்கு நூறு, குறித்த எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். பிரான்சின் அப்பெலாசியோன்கள் இந்தப் படியில் பதிவானவை. கீழ்ப்படியில் 85 விழுக்காடு உள்ளே விளைந்தால் போதும். இந்தக் கீழ்ப்படியின் சட்டப்பெயரை அப்படியே தமிழாக்கினால் 'காக்கப்பட்ட புவிசார் குறியீடு'. ஷாத்தோனஃப் இருக்கும் வோக்ளூஸ் மாவட்டத்தின் பெயரிலேயே அப்படி ஒரு குறியீடு உண்டு. மேல்படிக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டால், ஒரே குன்றின் இரண்டு பக்கத்துத் தோட்டங்களை எப்படிப் பிரித்து எழுதுவீர்கள்?

அதைவிடப் பெரிய வேறுபாடு எல்லைக்கோட்டில் இல்லை, தோட்ட வேலையில் இருக்கிறது. இதற்கு வரலாறே சாட்சி. 1919ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வகுக்கும் வேலையை நீதிமன்றங்களிடம் விட்டது. நடைமுறையில் 'எந்த இடம்' என்ற கேள்வியோடு நின்றுவிட்டார்கள். எல்லைக்குள் எந்த ரகத்தையும் நட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் காய்க்கவிட்டு, ஊர்ப்பெயரை ஒட்டி விற்க வழி திறந்துகொண்டது. 1927இல் ஜோசெஃப் கப்பூ கொண்டுவந்த சட்டம் ரகத்தையும் நிலத்தையும் உள்ளே சேர்த்தது. அதற்கு நான்காண்டு முன்பே, 1923இல், ஷாத்தோனஃப் விவசாயிகள் பரோன் பியர் லெ ருவா என்ற வழக்கறிஞரை முன்னிறுத்தித் தமக்குத் தாமே விதி எழுதிக்கொண்டார்கள். எல்லை, ரகங்கள், கவாத்து முறை, குறைந்த அளவு ஆல்கஹால், பழம் பொறுக்கிக் கழித்தல், ரோஸ் கூடாது: ஆறே விதிகள். எல்லையை வகுக்க அவர்கள் வைத்த அளவுகோல் அழகானது. தைமும் லாவெண்டரும் சேர்ந்து தானாக முளைக்கும் வறண்ட நிலம்தான் கொடிக்கு ஏற்ற நிலம் என்றார்கள். இந்த விதிகளுக்காக நடந்த வழக்கு 1933 வரை இழுத்து உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. 1935இல் நாடு முழுமைக்கும் சட்டம். 1936 மே மாதம் முதல் தொகுதியாக அறிவிக்கப்பட்ட அப்பெலாசியோன்களில் இந்த ஊரும் ஒன்று.

ஆகவே இது இடத்துக்கு மட்டும் இட்ட பெயர் இல்லை. இடமும் செய்முறையும் சேர்ந்து கட்டிய பெயர். 'விளைபுலப்பெயர்' இடத்தைச் சொல்லிவிடுகிறது. செய்முறையைச் சொல்லும் சுமை அடைமொழியின் தலையில்தான்.

மடல் 3

அடைமொழி பற்றி.

'கட்டுப்படுத்தப்பட்ட' என்பது ஆங்கில வழியாக வந்த பிழை. பிரெஞ்சில் 'கோன்த்ரோல்' என்றால் முதலில் சரிபார்ப்பு. ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர் அங்கே 'கோன்த்ரோலர்'. அவர் பயணியைக் கட்டுப்படுத்துவதில்லை, சீட்டைப் பார்க்கிறார். சொல்லின் பிறப்பும் அதுதான். 'கோன்த்ர்' என்றால் எதிர், 'ரோல்' என்றால் சுருள் ஏடு. ஒரு கணக்கேட்டைச் சரிபார்க்க எதிரில் வைத்த இரண்டாம் ஏடு.

இது அச்சு அசல் நம் கணக்குத் தணிக்கை. எனவே 'தணிக்கைப்பட்ட விளைபுலப்பெயர்'. சினிமாத் தணிக்கை நினைவு வருமே என்றால், வரட்டும். கூட்டுறவுச் சங்கம் முதல் கோயில் வரை ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிற நாட்டில் இந்தச் சொல்லுக்கு முதல் பொருள் இன்னும் சாகவில்லை.

'சான்றளிக்கப்பட்ட' என்று போடலாமா என்று யோசித்தேன், வேண்டாம். முன்பு ஒவ்வோர் ஆண்டுச் சரக்கையும் சுவைத்துப் பார்த்து அனுமதி கொடுத்தார்கள், அன்றைக்கு அது பொருந்தியிருக்கும். 2006 டிசம்பர் ஆணைக்குப் பிறகு வந்த முறை வேறு. உற்பத்தியாளர் முதலில் தகுதிப் பதிவு பெறுகிறார். விவசாயிகளின் சங்கம் உள்தணிக்கை செய்கிறது, சங்கத்தைச் சாராத ஓர் ஆய்வு அமைப்பு வெளித்தணிக்கை செய்கிறது. தோட்டம், கிடங்கு, கணக்கு, குப்பி என எந்தக் கட்டத்திலும் கை வைப்பார்கள். ஒரு தாளில் முத்திரை குத்தி முடிகிற காரியமில்லை, தொடர்ந்து நடக்கும் தணிக்கை.

மடல் 4

ஓர் ஆட்சேபம். அப்பெலாசியோன் ஒயினுக்கு மட்டும் உரியதில்லை. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு 1925லேயே தனிச்சட்டம் போட்டுப் பெயரைக் காத்தார்கள். செம்மறி ஆட்டுப்பால் 'விளைவது' உண்டா? அது பதமாவது குகையில். 'விளைபுலம்' அங்கே இடிக்கும். 'தலப்பெயர்' என்று வைத்தால் எல்லாவற்றையும் தாங்கும்.

மடல் 5

தலப்பெயர் என்றால் பாதிப் பேர் கோபுரத்தைத் தேடுவார்கள். உப்பளத்தில் உப்பு விளைகிறது, கடலில் முத்து விளைகிறது, காரியம் கூட விளைகிறது. பாலாடைக்கட்டி விளைந்தால் தமிழ் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. விளைபுலப்பெயருக்கே என் வாக்கு.

மடல் 6

தலைச்சொல் ஏறக்குறைய முடிவானதால் கூட வரும் சொற்களையும் இப்போதே பார்த்துவிடலாம். தனித்தனியாக ஆக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

'காயே தெ ஷார்ஜ்' என்பது ஒவ்வொரு பெயருக்கும் உரிய விதி ஏடு. 'ஷார்ஜ்' இங்கே பொறுப்பு, கடமை. 'கடப்பாட்டேடு' என்கிறேன். 'விவரக்குறிப்பு' என்று போட்டால் டெண்டர் வாசனை அடிக்கிறது. மீறினால் பெயரே போகும் என்ற கனமும் அதில் இல்லை.

'ராந்தமான்', அதாவது மகசூலுக்கு இடும் வரம்பு, சிக்கலே இல்லை. 'நில உச்சவரம்பு' தெரியாத தமிழர் இல்லை, ஆகவே 'மகசூல் உச்சவரம்பு'. ஷாத்தோனஃபில் அது ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்). நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,400 லிட்டர். ஹெக்டேருக்கு 3,000 கொடி என்று வைத்தால் ஒரு கொடியின் ஆண்டு உழைப்பு ஒன்றரைக் குப்பி. இதைச் சொன்னால்தான் வாசகருக்கு உச்சவரம்பின் இறுக்கம் உறைக்கும்.

இந்த வரம்பைத் தனி விதியாக விளக்கக் கூடாது, மற்ற விதிகளோடு கோத்துச் சொல்ல வேண்டும். இயற்கையாக வரும் ஆல்கஹால் குறைந்தது 12.5 விழுக்காடு இருக்க வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தேவை, ஆக சாற்றில் 210 கிராமுக்கு மேல் இருந்தாக வேண்டும். பிழிந்த சாற்றில் சர்க்கரை கொட்டுவது இங்கே தடை. வேதியியலாளர் ஷப்தாலின் பெயரால் வழங்கும் அந்த வேலைக்குச் 'சர்க்கரையேற்றம்' போதும். வெளியிலிருந்து சர்க்கரை வரக்கூடாது என்றால் கொடிதான் தர வேண்டும். கொடி அளவுக்கு மீறிக் காய்த்தால் ஒவ்வொரு குலைக்கும் இலைப் பங்கு குறையும், பழம் நிறம் ஏறியும் இனிப்பு ஏறாமல் நிற்கும். அதனால்தான் விதி கவாத்திலேயே தொடங்குகிறது. கிரெனாஷ் என்ற திராட்சை ரகத்தின் கொடிக்குப் பந்தல் கிடையாது, குட்டையாக, கைகளை மேலே விரித்த கிண்ணம் போல நிற்கும். ஒவ்வொரு கையிலும் சின்னக் குச்சி, குச்சிக்கு இரண்டு மொட்டு. மூன்றாவது மொட்டை விட்டுவைத்தவர் அதற்கான விலையை செப்டம்பரில் சர்க்கரைமானியில் பார்ப்பார். கோடைப் பாசனமும் பொதுவாகத் தடை, வறட்சி ஆண்டில் அனுமதி வாங்கித்தான் விட முடியும். தண்ணீர் காட்டினால் பழம் பருக்கும், சாறு நீர்க்கும்.

இன்றைய நிலையில் ஒரு முரண். வெயில் ஏறிவிட்டதால் 12.5 இப்போது யாருக்கும் தடையில்லை. சாதாரணமாகவே 14, 15 வருகிறது. கீழ் எல்லைக்காக எழுதிய விதி இருக்க, தோட்டக்காரர் கவலை மேல் எல்லைக்குப் போய்விட்டது.

அறுவடை கையால்தான், இயந்திரம் கூடாது. 'கையறுப்பு' என்போம். பழம் பொறுக்கும்போது குறைந்தது 5 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒதுக்கியதற்குப் பெயர் 'ரப்பே'. அழுகல், காயாக நின்றது, வெயிலில் வற்றியது எல்லாம் இதில் போகும். 'கழிவு' என்றால் குப்பை ஆகிவிடும், 'கழிப்புப் பங்கு' சரியாக இருக்கும். நல்ல ஆண்டிலும் கழித்தே ஆக வேண்டும் என்பதுதான் விதியின் கூர்மை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒருவரும் தப்ப முடியாது.

அடுத்தது 'மான்கான்'. தோட்டத்தில் பட்டுப்போன அல்லது விடுபட்ட கொடிகள் குறித்த அளவைத் தாண்டினால் மகசூல் உச்சவரம்பும் அதே விகிதத்தில் குறையும். காரணம் எளிது. பாதிக் கொடிகள் செத்த தோட்டத்தில் 35 ஹெக்டோலிட்டர் எடுக்கிறார் என்றால் மிச்சக் கொடிகள் இரட்டிப்பாகக் காய்க்கின்றன என்று அர்த்தம். பயிர் விடுபட்ட இடத்தை நம் விவசாயத்தில் 'போக்கிடம்' என்கிறோம், மான்கானுக்கு அதுவே போதும்.

தோட்டவாரியாக ரகம், பரப்பு, நட்ட ஆண்டு எழுதிய அரசுப் பதிவேட்டுக்குக் 'கொடி அடங்கல்' என்று பெயர் வைக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். அறுவடை அறிக்கையை இந்த அடங்கலோடு ஒட்டிப் பார்த்தாலே பாதித் தப்பு வெளியே வந்துவிடும்.

கடைசியாக 'ருவான்திக்காசியோன்'. பலர் தவறவிடும் இடம் இது. பெயர் நிலத்தோடு தானாக வருவதில்லை. ஒவ்வோர் அறுவடைக்கும் இத்தனை லிட்டருக்கு இந்தப் பெயர் வேண்டும் என்று கோர வேண்டும். 'பெயர்க்கோரிக்கை'. அது நிற்காமல் போனால், அல்லது தாமாகவே கைவிட்டால், 'தெக்ளாஸ்மான்'. இதற்குத் 'தரமிறக்கம்' வேண்டாம், 'பெயரிழப்பு' என்போம். பீப்பாயில் இருப்பது அதே ஒயின், போவது பெயர் மட்டும்.

மடல் 7

முந்தைய மடலில் விட்டுப்போன ஒரு சொல்: 'அசாம்ப்ளாஜ்', பல ரகங்களைச் சேர்த்து ஒரே ஒயினாக்குவது. அகராதிகள் 'கலப்பு' என்கின்றன. கலப்பு என்ற சொல்லுக்குப் பின்னாலேயே கலப்படம் நிற்கிறது. மருந்துக்கும் மசாலாவுக்கும் 'சேர்மானம்' என்கிறோமே, அதுவே இங்கே பொருந்தும்.

ஷாத்தோனஃபின் சேர்மானத்தில் 13 ரகங்களுக்கு இடம். நிற வேறுபாடுகளைத் தனித்தனியே எண்ணினால் 18. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர், சான்சோ தெரிந்த பெயர்கள். கூனுவாஸ், மஸ்கார்தான், வக்காரெஸ் போன்றவை அந்த வட்டாரத்துக்கு வெளியே அரிது. கிளேரெத், ரூசான் போன்ற வெள்ளை ரகங்களும் சிவப்பில் சேரலாம். எந்த ரகத்துக்கும் கீழ் விகிதம் இல்லை. கிரெனாஷ் ஒன்றை மட்டுமே வைத்துச் செய்தாலும் பெயர் நிற்கும். பந்தோல் என்ற இன்னொரு விளைபுலப்பெயரில் அப்படி முடியாது. அங்கே சிவப்புக்கு மூர்வெத்ர் பாதியாவது இருக்க வேண்டும், மரப்பீப்பாயில் 18 மாதம் கிடக்கவும் வேண்டும். ஆகவே 'அனுமதித்த ரகம்', 'கட்டாய ரகம்' என்று இரண்டு சொற்களைக் கண்டிப்பாகப் பிரித்து வையுங்கள். இரண்டையும் 'உரிய ரகம்' என்று எழுதி ஒரு பத்தியையே தலைகீழாக்கிய மொழிபெயர்ப்புகள் உண்டு.

வேடிக்கைக்கு ஒன்று: 1954இல் ஷாத்தோனஃப் மேயர் பறக்கும் தட்டுகள் கம்யூன் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாது என்று ஆணை போட்டார். அது நகராட்சி ஆணை, கடப்பாட்டேட்டில் தேடாதீர்கள்.

மடல் 8

> பீப்பாயில் இருப்பது அதே ஒயின், போவது பெயர் மட்டும்

ஒரு திருத்தம். வரம்புக்கு மேல் விளைந்ததும் பெயரிழப்பும் ஒன்றல்ல. 1974 வரை உபரியை ஒரு படி கீழே உள்ள பெயரில் இறக்கி விற்க முடிந்தது. அருவி போலப் படிப்படியாக இறங்கியதால் அதை 'கஸ்காத்' என்றார்கள். ஒரே தோட்டத்துப் பழம் மூன்று பெயரில் கடைக்கு வரும். அதை மூடினார்கள். இப்போது வரம்பு மீறிய அளவு வடிசாலைக்குப் போக வேண்டும். அதற்கு 'மிகைமகசூல்' என்று தனிச்சொல் கொடுங்கள். பெயரிழப்புக்குள் திணித்தால் சட்டம் தப்பாகும்.

மடல் 9

மிகைமகசூல் ஏற்றுக்கொள்கிறேன். சேர்மானத்துக்கு மறுப்பு வராது என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு முடிச்சு: லேபிள். பிரெஞ்சில் ஊர்ப்பெயரை நடுவில் செருகுவார்கள்: 'அப்பெலாசியோன் ஷாத்தோனஃப் து பாப் கோன்த்ரோலே'. நாமும் அதே வரிசையில் போய்த் 'தணிக்கைப்பட்ட ஷாத்தோனஃப் து பாப் விளைபுலப்பெயர்' என்று எழுதினால் ஊரையே தணிக்கை செய்ததாக ஆகிவிடும். தமிழில் ஊர் முன்னால் வர வேண்டும்: 'ஷாத்தோனஃப் து பாப், தணிக்கைப்பட்ட விளைபுலப்பெயர்'. கட்டுரையின் உள்ளே இரண்டாம் முறை வரும்போது அடைமொழியை விட்டுவிட்டு 'விளைபுலப்பெயர்' மட்டும் போதும். 'த.வி.பெ.' என்று சுருக்க வேண்டாம், கேட்க ஏதோ வாரியத்தின் பெயர் போல இருக்கிறது.