டில்டியாசெம் மாத்திரை முதல் மணியிலேயே பாதி வெளியேறுகிறது

கேள்வி (எம்.ஃபார்ம் மாணவர், திருவொற்றியூர்)
பி.பி.க்கான டில்டியாசெம் 90 மி.கி. மாத்திரை, 12 மணி நேரம் மெதுவாக வெளிவர வேண்டும். மொத்தம் 300 மி.கி.: ஹெச்பிஎம்சி கே100எம் (ஈரம் பட்டால் கூழாகி மருந்தைத் தாமதிக்கும் பொருள்) 60, லாக்டோஸ் (நிரப்பி) 144, ஏரோசில் (தூள் ஓட) 3, மெக்னீசியம் ஸ்டியரேட் (ஒட்டாமலிருக்க) 3. குருணையாக்காமல் தூளை நேரடியாக அழுத்துவதுதான். பிஎச் 1.2இல் (வயிற்று அமிலம் போன்ற திரவத்தில்) முதல் மணியிலேயே 46 சதவீதம் போய்விடுகிறது. மழை நாளில் தூள், மாத்திரை அழுத்தும் உலோகப் பஞ்சிலும் (punch) ஒட்டுகிறது. இன்னும் கெட்டியான ரகம் வாங்கணுமா சார்?

பதில் 1
ரகம் சரி, அளவுதான் போதாது. 60 மி.கி. என்பது 20 சதவீதம். டில்டியாசெம் தண்ணீரில் சுலபமாகக் கரையும். கூழ் மூடுவதற்குள் மேலே இருப்பது ஓடிவிடும். 105ஆக ஏற்றுங்கள். லாக்டோஸும் கரைந்து ஓட்டை விடும். அதை எடுத்துவிட்டு, தண்ணீரில் கரையாத நிரப்பியான எம்சிசி 102ஐ 99 மி.கி. போடுங்கள். ஹெச்பிஎம்சி 100 மெஷ் சல்லடையில் இறங்குகிறதா பாருங்கள், கொரகொரப்பாக இருந்தால் கூழ் கட்டத் தாமதமாகும். அழுத்தத்தைக் கூட்டிப் பெரிய பலன் இராது. மாத்திரை மிதந்தால் கம்பிச்சுருளில் போட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் கிடைக்கும் சதவீதத்தை நம்பவே முடியாது.

பதில் 2
ஒட்டுவதற்குக் காரணம் கடல்காத்து. ஹெச்பிஎம்சி ஈரத்தை இழுக்கும். டிரம்மைத் திறந்தே வைக்காதீர்கள். அறை ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஸ்டியரேட்டைக் கடைசியில் சேர்த்து 3 நிமிடம் மட்டும் கலக்குங்கள். அதிகம் கலந்தால் மாத்திரை இளகும். ஈரக் குருணை முறைக்குப் போனால் தண்ணீர் வேண்டாம், கட்டி கட்டியாகிவிடும். பிவிபி (தூளைப் பிணைக்கும் பொருள்) கரைத்த ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும்.

பதில் 3
தம்பி, ஆய்வேட்டின் தலைப்பில் ‘நேரக்கட்டுப்பாடு’ என்று எழுதப் போகிறீர்களா? உங்களுடையது மெதுவாக வெளிவரும் மாத்திரை, அதுவல்ல. இரவு 10 மணிக்கு விழுங்கி, விடியலில் பி.பி. ஏறும் முன் திறக்க வேண்டுமென்றால் 4, 5 மணி நேரத் தாமதம் வேண்டும். 6 மி.மீ. உள்மாத்திரையை 10 மி.மீ. டையில் (அச்சுக் குழியில்) நடுவில் வைத்து, மேலும் கீழும் தண்ணீரில் கரையாத எத்தில்செல்லுலோஸ் கலந்த தூளை அழுத்த வேண்டும். ஆனால் அறிமுகத்தில் அளந்து பேசுங்கள். 2022இல் வெளிவந்த ‘டைம்’ ஆய்வில் 21,104 பேரிடம், வழக்கமான பி.பி. மாத்திரையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

கேட்டவர்
உள்மாத்திரை நடுவில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 3
பத்து மாத்திரைகளைப் பிளேடால் குறுக்கே வெட்டி, இருபுறமும் உறையின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளங்கள். மெல்லிய பக்கம்தான் முதலில் உடையும்.